வீட்டுக் கருவிகளுக்கும் வேண்டும் நிலையான முகவரி

வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளரிடம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வரிசைக்காக இயந்திரம் தரும் டோக்கன் எண். மற்றொன்று, அவருடைய கணக்கு எண். டோக்கன் எண் அன்றைய வேலை முடிந்ததும் மதிப்பிழந்துவிடும். மறுநாள் அதே எண் வேறொருவர் கையில் இருக்கும். கணக்கு எண்ணோ எந்நாளும் அவரை மட்டுமே குறிக்கும். நம் வீட்டு வைஃபை வலையமைப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் நிலவுகிறது. அங்குள்ள பெரும்பாலான கருவிகளுக்கு டோக்கன் எண்ணே போதும். சிலவற்றுக்கு மட்டும் கணக்கு எண்ணைப் போன்ற நிலையான முகவரி தேவைப்படுகிறது. அவை எவை, அம்முகவரியை எவ்வாறு வழங்குவது, அதனால் கிடைக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பவற்றை இங்கே காண்போம்.

முகவரி வழங்குவது யார்?

வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. 192.168.1.105 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக அது எழுதப்படும். இம்முறையில் உலகம் முழுவதற்கும் கிடைப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே. இவை எல்லாக் கருவிகளுக்கும் போதா என்பதால், வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் இதனை வரையறுத்தது. 192.168 எனத் தொடங்கும் தொகுதி அவற்றுள் ஒன்று. எனவே புணேயில் ஒரு வீட்டிலும் கொல்கத்தாவில் ஒரு வீட்டிலும் ஒரே எண் இருப்பதில் குழப்பம் ஏதுமில்லை. அவ்வெண் வாசற்படியைத் தாண்டுவதில்லை.

வீட்டுக்குள் இந்த எண்களை வழங்கும் பொறுப்பு ரவுட்டருடையது. டி.எச்.சி.பி. என்னும் முறைப்படி, கருவி இணைந்ததும் காலியாக உள்ள ஓர் எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அது குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். தொடர்ந்து இயங்கும் கருவிக்குப் பழைய எண்ணே நீடிக்கும். கருவி நெடுநேரம் அணைந்திருந்தால் அந்த எண் வேறொன்றுக்குப் போய்விடக்கூடும்.

மின்தடைக்குப் பின் நேர்வது

மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முகவரி கேட்கின்றன. பல ரவுட்டர்கள் குத்தகைப் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருப்பதால், மின்தடையோடு அப்பட்டியலும் அழிந்துவிடுகிறது. பெரும்பாலும் பழைய எண்களே திரும்பக் கிடைக்கும். ஆயினும் எப்போதும் அப்படி நடப்பதில்லை. அச்சுப்பொறி விழித்தெழுவதற்குள் விருந்தினரின் கைபேசி அதன் எண்ணைப் பெற்றிருக்கும். கணினியோ தான் அறிந்த பழைய முகவரிக்கே பக்கங்களை அனுப்பிக் காத்திருக்கும். பழுது ஏதும் இல்லாத அச்சுப்பொறியைப் பழுது பார்க்க ஆள் அழைக்கப்படுவது இவ்வாறுதான்.

அச்சுப்பொறியின் தொல்லை எரிச்சலோடு முடிந்துவிடும். கண்காணிப்புக் கேமராவின் நிலை வேறு. வலையமைப்பு வழியே இயங்கும் கேமராக்களின் முகவரிகளைப் பதிவுக் கருவி குறித்துவைத்துக்கொண்டு, அவ்விடங்களிலிருந்தே காட்சிகளைப் பெறுகிறது. கேமராவின் முகவரி மாறிவிட்டால் பதிவு நின்றுபோகலாம். கேமராவின் விளக்கு மட்டும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்கும். களவு நடந்த பிறகு பதிவைத் தேடும்போதுதான், பல நாள்களாக எதுவும் பதிவாகவில்லை என்பது தெரியவரும். கோஆக்சியல் கம்பியால் பதிவுக் கருவியுடன் நேரடியாக இணைக்கப்பட்ட பழைய வகைக் கேமராக்களுக்கு இச்சிக்கல் இல்லை.

இரண்டு வழிகள்

நிலையான முகவரி தருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே எண்ணை எழுதிவிடுவது. இது எளிதெனத் தோன்றினாலும் ரவுட்டருக்கு இதைப் பற்றித் தெரியாது. அதே எண்ணை அது மற்றொரு கருவிக்கும் வழங்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். வெளியே எடுத்துச் செல்லப்படும் மடிக்கணினியில் இவ்வாறு செய்தால், வேறிடத்து வலையமைப்பில் அது இணையாமல் போகலாம்.

இரண்டாவது, ரவுட்டரிலேயே முகவரியை முன்பதிவு செய்வது. வீடுகளுக்கு இதுவே பொருத்தமானது. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பின்போதே மேக் முகவரி என்னும் 12 குறிகள் கொண்ட அடையாளம் தரப்படுகிறது. இந்த அடையாளம் உடையது கேட்டால் இந்த எண்ணையே கொடு என்று ரவுட்டரிடம் சொல்லிவைப்பதே முன்பதிவு. எல்லாக் கணக்கும் ஓரிடத்தில் இருப்பதால் மோதலுக்கு இடமில்லை.

செய்முறை

1. அச்சுப்பொறி, கேமராக்கள், பதிவுக் கருவி, கோப்புகளைச் சேமிக்கும் கருவி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். கைபேசிகளுக்குப் பொதுவாக முன்பதிவு தேவையில்லை. அண்மைக்காலக் கைபேசிகள் தனியுரிமை கருதித் தம் மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வலையமைப்பிலும் வேறொன்றைக் காட்டுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2. ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட சீட்டில் அதன் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. உலாவியில் அதனைத் திறந்து உள்நுழையுங்கள். கடவுச்சொல் இன்னும் தொழிற்சாலையில் தரப்பட்டதாகவே இருந்தால், முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

3. இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் உங்கள் கருவியைக் கண்டறிந்து, அதன் மேக் முகவரி கருவியின் மீதுள்ள சீட்டோடு ஒத்துப்போகிறதா எனச் சரிபாருங்கள்.

4. டி.எச்.சி.பி. பகுதியில் உள்ள முகவரி முன்பதிவுப் பக்கத்தில் அந்த அடையாளத்தையும் அதற்குரிய எண்ணையும் பதிந்து சேமியுங்கள். கேமராக்களுக்கு அடுத்தடுத்த எண்கள் தந்தால் நினைவில் வைப்பது எளிது.

5. கருவியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். புதிய எண் கிடைத்துள்ளதா எனப் பார்த்தபின், கணினியிலும் பதிவுக் கருவியிலும் அந்த எண்ணையே குறிப்பிடுங்கள்.

6. கருவியின் பெயர், எண், வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பூட்டும் முகவரியும் ஒன்றல்ல

நிலையான முகவரி ஒரு பூட்டு அன்று. அதன் பாதுகாப்புப் பயன் வேறு வகையானது. எண்கள் ஒழுங்காக அமைந்துவிட்டால், ரவுட்டரின் பட்டியலைக் கணக்குப் புத்தகத்தைப் போல வாசிக்க முடியும். நாம் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் பளிச்செனத் தெரிவது போல, நமக்கு உரிமையில்லாத கருவி பட்டியலில் தெரிந்துவிடும்.

நிலையான எண் தந்த கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக, ரவுட்டரில் அதற்கு நேர்வழி திறந்துவிடும்படி சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. அவ்வழியே உலகில் எவரும் வந்து கதவைத் தட்டலாம். 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்களே மாற்றப்படாதிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, பல புகழ்பெற்ற இணையதளங்களை முடக்கிய தாக்குதலில் அக்கருவிகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் அதை அறிந்திருக்கவே வாய்ப்பில்லை.

ரவுட்டரைக் கைப்பற்றியவர், இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பையும் மாற்றிவிட முடியும். அப்போது வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் போலிப் பக்கம் எதிரே வரக்கூடும். சான்றிதழ் குறித்து உலாவி எச்சரித்தால், அதைப் புறக்கணித்து மேலே செல்லாதீர்கள். கேமராவையும் தொலைக்காட்சியையும் விருந்தினருக்கான தனி வலையமைப்பில் சேர்க்க ரவுட்டரில் வசதியிருந்தால், வங்கிப் பணிகளுக்கான கணினியை அவற்றிலிருந்து பிரித்துவைக்கலாம். அவ்வாறு பிரிக்கும்போது பதிவுக் கருவியும் கேமராக்கள் உள்ள பக்கமே இருக்கட்டும்.

உங்கள் ஐ.பி. முகவரியில் கோளாறு என்று கூறி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லும் அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். வங்கி அவ்வாறு கேட்பதில்லை. பணம் இழந்துவிட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

முன்பதிவு செய்யும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் மாதம் ஒருமுறை ரவுட்டரின் பட்டியலைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றே பதிவுக் கருவியைத் திறந்து, முந்தைய நாளின் காட்சிகள் பதிவாகியுள்ளனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.