சின்ன ஜெட் விமானத்துக்கு என்னென்ன வேண்டும்?

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவியின் கீழே நின்றால் தண்ணீர் உங்கள் தோளை அழுத்துகிறது. அந்த விசை எதைப் பொறுத்தது? விநாடிக்கு எத்தனை கிலோ தண்ணீர் உங்கள்மேல் விழுகிறது, அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் விசை கிடைத்துவிடும்.

ஜெட் எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான். அது காற்றை உள்ளே இழுத்து, சூடாக்கி, பின்புறமாக வேகத்துடன் வெளியேற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை முன்னே தள்ளுகிறது.

இந்தத் தத்துவத்தில் இயங்கும் ஆளில்லா விமானம் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரிலுள்ள வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய 'லக்ஷ்யா' 1985இல் முதன்முதலாகப் பறந்தது. படைவீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்காக அது பயன்பட்டது. பொழுதுபோக்காளர்களின் உலகிலோ, ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் 1980களின் இறுதியில் ஒட்டுப்பலகையால் அழுத்திச் சக்கரம் செய்து, கைக்கடக்கமான ஜெட் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். இன்று அத்தகைய எஞ்சின்கள் கடையில் கிடைக்கின்றன.

சரி, ஒரு மாதிரி ஜெட்டின் உடலும் இறக்கையும் தயாராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை முடிக்க எந்தெந்தக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது?

எஞ்சின்

முதல் கேள்வி விமானத்தின் எடை. எரிபொருளுடன் 10 கிலோ என்றால் எடை விசை சுமார் 100 நியூட்டன். 100 நியூட்டன் உந்துவிசை தரும் எஞ்சின் ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். விநாடிக்குக் கால் கிலோ காற்றை 400 மீட்டர் வேகத்தில் அது வெளியேற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள், விடை 100 வரும்.

இன்னும் பெரிய எஞ்சினாக வாங்கினால் என்ன? அது அதிக எரிபொருள் குடிக்கும், தொட்டி பெரிதாகும், எடை கூடும். அதே இறக்கையுடன் எடை 20 சதவீதம் கூடினால், தரையிறங்கும் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் உயரும். சக்கரங்களும் பிரேக்கும் உறிஞ்ச வேண்டிய இயக்க ஆற்றலோ 44 சதவீதம் அதிகமாகிவிடும்! ஆகவே போதுமானதே நல்லது.

சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகளே சுற்றுகின்றன. இந்தச் சின்ன எஞ்சினின் சக்கரமோ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுற்றும். 6 செ.மீ. விட்டமுள்ள அந்தச் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு கிராம் உலோகத்தைப் பிடித்து வைக்க, முக்கால் டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். இத்தகைய எஞ்சினை நீங்களாகச் செய்ய முயல வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எரிபொருளும் பம்பும்

எரிபொருள், சுத்திகரித்த மண்ணெண்ணெய். அதில் சிறிதளவு எண்ணெய் கலக்கிறார்கள். தாங்குருளைகளுக்கு அதுவே மசகு. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 மில்லிலிட்டர் அளவில் செலவாகும். சராசரியாக அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால், 8 நிமிடத்துக்குச் சுமார் 1.9 லிட்டர் ஆகிறது. பத்திரமாகத் தரையிறங்க இருப்பு வேண்டுமல்லவா? எனவே இரண்டரை லிட்டர் தொட்டி தேவை.

இரண்டரை லிட்டர் மண்ணெண்ணெயின் நிறை 2 கிலோ. பறக்கப் பறக்க இது குறைந்துகொண்டே போகும். ஆகையால் தொட்டி விமானத்தின் ஈர்ப்பு மையத்திலேயே அமைய வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மேலே தூக்கும், அல்லது கீழே சாயும். பம்புக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வைத்துக் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவிடுவார்கள். ஒரு பெரிய குமிழி புகுந்தால் போதும், எஞ்சின் அணைந்துவிடும்.

பம்பை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. சுழல் வேகத்தையும் புகை வெப்பநிலையையும் அளந்து, எவ்வளவு எரிபொருள் விடலாம் என்று அதுவே முடிவு செய்கிறது. நீங்கள் நெம்பைத் தள்ளினாலும் முழு உந்துவிசை உடனே வராது. சில விநாடிகள் பிடிக்கும். தரையிறங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

செர்வோக்கள்

இறக்கையின் அசையும் பலகைகளைத் திருப்பும் சிறு மோட்டார்களே செர்வோக்கள். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 100 கி.மீ. வேகத்தில் போதுமாக இருந்த செர்வோ, 200 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் பற்சக்கரம் இங்கே உதவாது; உலோகப் பற்சக்கரம் வேண்டும். வால் பலகையின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி செர்வோ வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும்.

வானொலியும் மின்கலமும்

வானொலிக் கட்டுப்பாடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அலைநீளம் 12.5 செ.மீ. ஏற்பியின் இரண்டு ஆன்டெனாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்க வேண்டும். அப்போதுதான் விமானம் எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது அலையைப் பிடிக்கும். கார்பன் இழை மின்கடத்தி. அது அலையை மறைத்துவிடும். எனவே அத்தகைய உடலுக்குள் ஆன்டெனாவை ஒளிக்கக் கூடாது. ஏற்பிக்கு இரண்டு மின்கலங்கள், எஞ்சினுக்குத் தனியாக ஒன்று என்பது நல்ல வழக்கம்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? 10 கிலோ விமானம் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 15,000 ஜூல். 10 கிலோ கல்லை 157 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இதே ஆற்றல் இருக்கும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள பேரருவியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! ஆகவே வானொலித் தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானே அணையும்படி முன்கூட்டி அமைப்பது கட்டாயம். இதைத் தரையிலேயே, அனுப்பியை அணைத்துச் சோதிக்க வேண்டும்.

இடமும் காலமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாயும் காற்று தென்காசிச் சமவெளியில் பலமாக வீசும். காற்றாலைக்கு அது வரம். சின்ன விமானத்துக்கு அல்ல. கோடையிலோ வெப்பக் காற்று மெலிந்துவிடும். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட 35 டிகிரிக் காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைவு. உந்துவிசையும் குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். ஓடுபாதை நீளமாக வேண்டும். காய்ந்த புல்லருகே தீயணைப்பானும் தயாராக இருக்க வேண்டும். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், மாதிரி விமானம் என்பதற்கு 25 கிலோ உச்ச வரம்பும், கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் பறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்துள்ளன.

ஜெட் எஞ்சினின் விலை மிக அதிகம். ஆனால் கணக்குக்கு விலை இல்லை. தெர்மாகோல் தாளில் ஒரு கிளைடர் செய்யுங்கள். மூக்கில் களிமண் ஒட்டி, ஈர்ப்பு மையத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எறிந்து பாருங்கள். எந்த இடத்தில் அது நேராகச் செல்கிறது? ஏன்? விடையை நோட்டில் குறித்து வையுங்கள். தொட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதுவே முதல் பாடம்.