தோலோடு இயைந்த மின்கடத்தி

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூராகும். அங்குப் பலாப்பழம் அறுப்போர் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வர். இல்லையேல் பிசின் விரலை விடாது. ரப்பர் வளையம் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். செம்புக்கம்பி மின்சாரத்தைக் கடத்தும். ஒட்டுதல், நீளுதல், கடத்துதல் ஆகிய இம்மூன்று பண்புகளும் ஒரே பொருளில் அமைதல் அரிது. அத்தகைய பொருளையே இன்றைய அறிவியலார் உருவாக்க முயல்கின்றனர். அதன் தேவையை இதயம் உணர்த்துகிறது.

இதயம் துடிக்கும்போதெல்லாம் நுண்ணிய மின்னோட்டம் உடலில் பரவுகிறது. தோலில் அதனால் எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் மட்டுமே. நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை வரைபடமாகப் பதிவு செய்தார். அப்போது நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தியிருக்க வேண்டும். உலர்ந்த தோல் மின்னோட்டத்தைத் தடுக்கும். உப்புநீர் அதற்கு வழிவிடும். இப்பணிக்காக ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஈ.சி.ஜி. எடுக்க மார்பில் ஒட்டப்படும் வில்லைகளில் உப்பு கலந்த கூழ் அப்பணியைச் செய்கிறது.

சிலருக்கு இதயத்துடிப்பு எப்போதாவதுதான் தவறும். ஏலக்காய் எடுக்கும்போது படபடத்த நெஞ்சு, ஜீப்பில் ஏறி மருத்துவமனையை அடைவதற்குள் சீராகிவிடக்கூடும். சில நொடிப் பதிவில் அக்குறை தென்படாது. ஆகவே, கருவி நாள்முழுதும் உடலிலேயே இருத்தல் வேண்டும். ஆனால், குனிந்து நிமிரும்போது தோல் நீள்கிறது. வியர்வை பசையை இளக்குகிறது. வில்லை விலகினால் பதிவும் அறுபடும்.

நீளும் மின்கடத்தியை உருவாக்கப் பல வழிகள் உள்ளன. ரப்பரில் கரித்துகளை மிகுதியாகக் கலந்தால், துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும். எனினும், இழுக்கும்போது அவை விலகுவதால் கடத்தல் குறையும். முடியினும் மெல்லிய வெள்ளியிழைகளோ, வைக்கோல்போல் பின்னிக் கிடப்பதால், சற்று நகர்ந்தாலும் தொடர்பை விடா. 2011இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் வேறொரு வழியை வெளியிட்டனர். அவர்கள் உலோகத்தைப் பாம்புபோல் வளைந்து செல்லும் மெல்லிய கோடுகளாக அமைத்தனர். இழுக்கும்போது வளைவுகள் விரிந்து கொடுத்தன, உலோகம் அறவில்லை.

ஈரத்திலும் ஒட்டுவதற்குக் கல்லுமக்காய் வழிகாட்டியது. கேரளக் கடற்கரையோர் விரும்பி உண்ணும் இச்சிப்பி, அலைமோதும் பாறையையும் இறுகப் பற்றும். அதற்கு உதவும் புரதத்தின் வேதியமைப்பைப் பின்பற்றி, ஈரத்தோலில் ஒட்டும் பசைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். அப்பசை இறுக ஒட்டவும் வேண்டும்; உரிக்கும்போது தோலைப் புண்படுத்தாதிருக்கவும் வேண்டும். இவையனைத்தும் ஒருங்கே அமைந்த வில்லை கிடைப்பின், மலைச்சரிவில் உழைப்போரின் நெஞ்சு தடுமாறும் அந்நொடியே பதிவாகும். மருத்துவர் அதனைப் பின்னர்க் காண இயலும்.

அருஞ்சொற்பொருள்
இயைந்த – பொருந்திய
நுண்ணிய – மிகச் சிறிய
இளக்குதல் – இறுக்கம் குறையச் செய்தல்
ஒருங்கே – ஒன்றாக

வினாக்கள்
1. இழுத்த ரப்பரில் கரித்துகளைவிட வெள்ளியிழை சிறந்த மின்கடத்தியாவது எவ்வாறு?
2. சில நொடிப் பதிவு மட்டும் சிலருக்குப் போதாதது ஏன்?