ஒரு கிராம் துணி போதும்

புதுச் சட்டை போட்ட இரண்டாம் நாள் அக்குளைச் சுற்றி அரிப்பு. இடுப்பில் எலாஸ்டிக் பதியும் இடம் சிவந்து தடிக்கிறது. 'உடம்புச் சூடு', 'வேர்க்குரு' என்று சொல்லிச் சந்தனம் பூசிக்கொள்கிறோம். சில நாளில் தணிந்துவிடுகிறது. அதே சட்டையை எடுத்துப் போட்டால் மறுபடி வருகிறது. பஞ்சாலைகளோடு வளர்ந்த கோவைச் சிங்காநல்லூரில்கூடத் துணியின் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் போகிறது.

தோல் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது தடிப்பு எங்கே இருக்கிறது என்பதை. அக்குளின் குழிக்குள் இருந்தால் டியோடரண்டைச் சந்தேகிப்பார்கள். குழி தப்பித்து, துணி உரசும் விளிம்பில் மட்டும் இருந்தால் துணியைச் சந்தேகிப்பார்கள். முழங்கை மடிப்பு, தொடையின் உட்புறம், இடுப்பு என வியர்வையும் உரசலும் சேரும் இடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

பஞ்சு செய்த குற்றமல்ல

பருத்தி நூலே ஒத்துக்கொள்ளாதவர்கள் மிக அரிது. நூல் துணியாகி, சாயம் ஏறி, பினிஷிங் முடிந்து கடைக்கு வருவதற்குள் அதில் சேர்ந்து தங்கிவிடும் வேதிப்பொருள்களே பெரும்பாலும் காரணம்.

சுருங்காத சட்டைத் துணியை எடுத்துக்கொள்வோம். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகள் ஈரத்தில் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதால்தான் துணி கசங்குகிறது. அதைத் தடுக்க ஒரு வகைப் பிசினில் துணியை முக்கி, ஸ்டென்டர் எந்திரத்தில் காயவைத்து, அதிக வெப்பத்தில் க்யூரிங் செய்கிறார்கள். இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஏணிப்படிகள் போலப் பிசின் பிணைந்துகொள்ளும். இந்தப் பிசின்களில் பல பார்மால்டிஹைடைக் கொண்டு தயாரானவை. க்யூரிங் சரியாக நடக்காவிட்டாலோ, பிறகு நன்றாக அலசாவிட்டாலோ, பிணையாத பார்மால்டிஹைடு துணியிலேயே தங்கும். கோடை வெயிலும் வியர்வையும் அதை வெளியே கொண்டுவரும்.

பாலியஸ்டர் துணியில் பிரச்சினை வேறு. அதற்கு ஏற்றும் டிஸ்பெர்ஸ் சாயங்கள் இழையோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. இழைக்குள் கரைந்து நிற்கின்றன. சரியாகப் பிடிக்காத சாயம் உரசலில் தோலுக்கு வந்துவிடும். கருநீல, கறுப்பு லைனிங் துணிகளில் காணப்படும் டிஸ்பெர்ஸ் புளூ 106, 124 என்ற இரண்டும் இதில் பேர்போனவை. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2000-ல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று முதன்முதலாக அறிவித்தது டிஸ்பெர்ஸ் புளூ சாயங்களைத்தான்.

உள்ளாடை எலாஸ்டிக்கில் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையுராம், கார்பமேட் வகைப் பொருள்கள் உண்டு. வெள்ளை உள்ளாடையைக் குளோரின் ப்ளீச்சில் ஊறவைத்தால், அந்தக் கார்பமேட்டுகளில் ஒன்று குளோரினோடு வினைபுரிந்து இன்னும் கடுமையான ஒவ்வாமைப் பொருளாக மாறக்கூடும்.

முதல் நாள் தெரியாது

இந்த ஒவ்வாமை உடனே காட்டிக்கொடுக்காது. மூலக்கூறு எடை 500-க்குக் குறைந்த பொருள்கள் தோலின் மேலடுக்கை எளிதாகக் கடக்கும். பார்மால்டிஹைடின் எடை வெறும் 30. இவ்வளவு சிறிய மூலக்கூறை நோய் எதிர்ப்பு மண்டலம் தனியாக அடையாளம் காணாது. அது தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்ட பிறகே அந்நியமாகத் தெரிகிறது. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், ஜான் ஜேக்கப்ஸுடன் சேர்ந்து 1935-ல் கினிப் பன்றிகளிடம் செய்த சோதனைகள் இந்த ஒட்டுதலைத்தான் சுட்டிக்காட்டின.

தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்தச் சேர்க்கையை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களுக்குக் காட்டும். அவை அந்தப் பொருளை நினைவில் பதித்துக்கொள்ளச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதுவரை தோலில் ஒன்றும் தெரியாது. அதன்பின் அதே பொருள் பட்டால் ஓரிரு நாளில் தடிப்பு எழும். அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும். மருந்து தடிப்பை ஆற்றும், நினைவை அழிக்காது. அதனால்தான் குழந்தைகளின் தோலில் முதல் முறையே படாமல் காப்பது முக்கியம்.

தயாரிப்பில் சேராத பொருளும் தொல்லை தரலாம். 2007 வாக்கில் பின்லாந்திலும் பிரிட்டனிலும் புது சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகிலும் தொடையிலும் கடும் புண்கள் வந்தன. சீனாவிலிருந்து வரும் வழியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க சோபாவுக்குள் வைத்த பொட்டலங்களிலிருந்து டைமெதில் பியூமரேட் ஆவியாகித் தோலில் ஊறியிருந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்த பொருள்களின் விற்பனையைத் தடுத்தது.

வெளிநாட்டு பையருக்குக் கிடைப்பது நமக்கும் வேண்டும்

இதையெல்லாம் சோதிக்கும் திறமை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமும் திருப்பூரின் தனியார் ஆய்வகங்களும் ஏற்றுமதித் துணிகளைச் சோதிக்கின்றன. பார்மால்டிஹைடு சோதனை எளிமையானது. சுமார் ஒரு கிராம் துணியை 100 மில்லி தண்ணீரில் 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். அந்த நீரில் அசிட்டைல் அசிட்டோன் கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியே அளவைச் சொல்லிவிடும். ஐரோப்பாவில் ஆடைகளுக்கு வரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம். ஜப்பான் 1973-ல் இயற்றிய சட்டத்தின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் துணியில் 16-க்கு மேல் கூடாது.

விதி கடுமையானால் தொழில் அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் நம் வரலாற்றில் பதில் இருக்கிறது. புற்றுநோயைத் தூண்டும் அமீன்களாகச் சிதையும் அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடுத்தபோது திருப்பூரும் கரூரும் கலங்கின. 1997-ல் இந்திய அரசும் அத்தகைய 70 சாயங்களைத் தடை செய்தது. பட்டறைகள் மாற்றுச் சாயங்களுக்கு மாறின, ஏற்றுமதி வளர்ந்தது.

வெளிநாட்டு பையர் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கை எடுப்பதில்லை. உள்ளூர்க் கடையில் நாம் அதைக் கேட்பதில்லை. ஸ்டாக்ஹோம் குழந்தைக்கும் சிங்காநல்லூர்க் குழந்தைக்கும் தோல் ஒன்றுதான்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. புதுத் துணியைத் துவைத்து உடுத்துங்கள். தங்கியிருக்கும் பார்மால்டிஹைடு பெருமளவு போய்விடும். தீபாவளிக்குத் துவைத்த துணியிலும் மஞ்சள் வைக்கலாம், சாஸ்திரம் கெடாது. தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, காரணத்தைப் பெயரோடு சொல்லிவிடுவார்கள்.

ஆனால் துவைப்பதைக் குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. சீருடைத் துணியை மொத்தமாக வாங்கும் பள்ளிகள் சோதனை அறிக்கை கேட்பதைத் தொடங்கி வைக்கலாம். சாயம் போகுமா என்று கேட்கிற பெற்றோர், லாட்டுக்கு ஒரு சோதனை அறிக்கையையும் கேட்கட்டும். ஐரோப்பியக் குழந்தைக்காக நாம் செய்து கொடுக்கும் அதே சோதனையை நம் குழந்தைக்காகவும் செய்யச் சொல்வது நம் உரிமை.