கூட்டம் வரும் என்று பயந்தார்கள், கூட்டமே வரவில்லை!

டிஸ்னிலேண்டில் "ஸ்டார் வார்ஸ்" ஊர் திறந்த கதை

சினிமா கொட்டகையில் "ஹவுஸ்புல்" போர்டு மாட்டினால் முதலாளிக்கு கொண்டாட்டம். ஆனால் படம் வருவதற்கு முன்பே, "கூட்டம் தாங்காது, ஜாக்கிரதை!" என்று ஊரெல்லாம் தமுக்கு அடித்தால் என்ன ஆகும்? வரவேண்டியவனும் வீட்டில் படுத்துவிடுவான்!

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்று ஒரு நகரம். உலகப்புகழ் பெற்ற டிஸ்னிலேண்டு பொழுதுபோக்கு பூங்கா அங்கேதான் இருக்கிறது. 2019-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி அந்த பூங்காவுக்குள் புதிதாக ஒரு "சினிமா ஊர்" திறக்கப்பட்டது. பெயர் "ஸ்டார் வார்ஸ்: கேலக்சீஸ் எட்ஜ்". பரப்பளவு 14 ஏக்கர். செலவு சுமார் 100 கோடி டாலர் என்று அமெரிக்க பத்திரிகைகள் எழுதின.

விண்வெளி சண்டை

"ஸ்டார் வார்ஸ்" 1977-ல் வெளிவந்த விண்வெளி சண்டை படம். எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். வசூலை வாரிக்குவித்தது. அடுத்தடுத்து பல பாகங்கள் வந்தன. 2012-ல் லூகாசின் கம்பெனியை டிஸ்னி நிறுவனம் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சரக்கை சும்மா வைத்திருப்பார்களா? 2015 ஆகஸ்டில் "ஸ்டார் வார்ஸ் ஊர் வருகிறது" என்று அறிவித்தார்கள். 2016-ல் வேலை தொடங்கியது. அதற்காக பூங்காவை சுற்றி ஓடிய குட்டி ரெயிலையும், ஆற்றில் ஓடிய படகையும் ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைத்தார்கள்.

திறப்பு விழா மே 29-ந் தேதி இரவு தடபுடலாக நடந்தது. படத்தில் நடித்த ஹாரிசன் போர்டு, மார்க் ஹாமில், பில்லி டீ வில்லியம்ஸ் வந்தார்கள். லூகாசும் வந்தார். ரசிகர்களுக்கு தலைகால் புரியவில்லை.

கள்ள டிக்கெட்

விழா முடிந்தது. ஆனால் பூங்கா அதிகாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. காரணம், பழைய அனுபவம்.

1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி டிஸ்னிலேண்டு முதன் முதலாக திறந்த நாளில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சம் அல்ல. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? கள்ள டிக்கெட் அச்சடித்து விற்றுவிட்டார்கள். 28 ஆயிரம் பேர் முண்டியடித்து உள்ளே புகுந்தார்கள். ஒரு ஆசாமி வேலி ஓரத்தில் ஏணி சாத்தி, "தலைக்கு 5 டாலர், ஏறி குதி!" என்று வசூல் பண்ணினான் என்று இன்றும் சொல்வார்கள்.

அன்று கொளுத்தும் வெயில். புதிதாக போட்ட தார் உருகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் மாட்டிக்கொண்டது. குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் பல இடங்களில் குடிதண்ணீர் இல்லை. சாப்பாடு தீர்ந்தது. அந்த நாளுக்கு "கருப்பு ஞாயிறு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"இன்னொரு கருப்பு ஞாயிறு வேண்டாம்" என்பதுதான் 2019-ல் அதிகாரிகளின் கவலை.

4 மணி நேரம்

அதனால் போட்டார்கள் பலத்த கட்டுப்பாடு.

மே 31-ந் தேதியில் இருந்து ஜூன் 23-ந் தேதி வரை, முன்கூட்டியே ரிசர்வேஷன் செய்தவர்களுக்கு மட்டும் புது ஊரில் அனுமதி. ஒருவருக்கு 4 மணி நேரம்தான். ரிசர்வேஷனுக்கு தனிக்காசு இல்லை. ஆனால் பூங்கா டிக்கெட் கட்டாயம் வாங்கவேண்டும்.

மே 2-ந் தேதி காலை 10 மணிக்கு கம்ப்யூட்டரில் பதிவு தொடங்கியது. சுமார் 2 மணி நேரத்தில் அத்தனையும் காலி! டிஸ்னியின் சொந்த ஓட்டல்கள் மூன்றில் அறை எடுத்தவர்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு இருந்தது.

வந்தவர்கள் கையில் கலர் பட்டை கட்டினார்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு கலர். நேரம் முடிந்தால் கலரை பார்த்து, "கிளம்புங்க சார்" என்று அனுப்பி வைத்தார்கள்.

உள்ளூர்க்காரர்கள் பலர் ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்கள். நம்ம ஊர் ரெயில் சீசன் டிக்கெட் மாதிரி. ஒருமுறை பணம் கட்டிவிட்டு அடிக்கடி போய் வருவார்கள். அந்த கோடையில் பல வகை பாஸ்கள் "இந்த நாட்களில் செல்லாது" என்று நிறுத்தி வைக்கப்பட்டன.

நீலப்பால்

உள்ளே என்ன இருக்கிறது? சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவர்கள் வாயைப்பிளந்தார்கள்.

"பட்டூ" என்ற கிரகத்தில் இருக்கும் ஒரு சந்தை ஊர் என்பது கதை. இஸ்தான்புல், மொராக்கோ கடைத்தெருக்களை நேரில் பார்த்து வந்து கட்டிய ஊர். கல்லாகிப்போன ராட்சத மரங்கள் போல கோபுரங்கள் நிற்கின்றன. தரையை உற்றுப்பார்த்தால், எந்திர பொம்மை உருண்டுபோன தடம் கூட சிமெண்டில் பதிந்திருக்கிறது.

வேலையாட்கள் "குட்மார்னிங்" சொல்வது இல்லை. அந்த கிரகத்து பாஷையில் "பிரகாசமான சூரியன்கள்!" என்கிறார்கள். இருட்டிவிட்டால் "உதயமாகும் நிலாக்கள்!" வெள்ளை கவசம் போட்ட சிப்பாய்கள் தெருவில் வழிமறித்து, "எங்கே போகிறாய்?" என்று அதட்டுகிறார்கள். சின்னப்பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நடுவில் நிற்கிறது "மில்லேனியம் பால்கன்" விண்கப்பல். படத்தில் வந்த அதே அளவு. 100 அடிக்கு மேல் நீளம். அதற்குள் 6 பேர் ஏறி உட்காரலாம். 2 பேர் ஓட்ட வேண்டும், 2 பேர் சுடவேண்டும், 2 பேர் ரிப்பேர் பார்க்கவேண்டும். ஓட்டுகிற இருவரில் ஒருவர் இடம் வலம் திருப்புவார், இன்னொருவர் மேலும் கீழும் இழுப்பார். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் கப்பல் எல்லாவற்றிலும் முட்டும்! புருஷன் பெண்டாட்டி ஓட்டினால் சண்டை நிச்சயம்.

படத்தில் வரும் நீலப்பாலும் கிடைக்கும். ஆனால் அது மாட்டுப்பால் அல்ல. தேங்காய்ப்பாலும் அரிசிப்பாலும் கலந்த குளிர்பானம். 2019-ல் விலை ஏறக்குறைய 8 டாலர்.

மதுக்கடையும் உண்டு. டிஸ்னிலேண்டுக்குள் பொதுமக்களுக்கு மது விற்றது அதுவே முதல் தடவை. ஆனால் 45 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும்.

கரண்டி திருட்டு

கில்லாடிகள் கைவரிசை இங்கும் தொடர்ந்தது. சாப்பாட்டு கடையில், பாதி கரண்டி பாதி முள்கரண்டியாக வினோதமான ஒரு உலோக கரண்டி வைத்திருந்தார்கள். சாப்பிட்டவர்கள் பலர் கரண்டியை பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக்கட்டினார்கள். அவை இன்டர்நெட்டில் ஏலத்துக்கும் வந்தன. சில நாட்களிலேயே அந்த கரண்டியை எடுத்துவிட்டு சாதா கரண்டி போட்டார்கள்.

கோகோ கோலா பாட்டிலால் வேறொரு தமாஷ். படத்தில் வரும் வெடிகுண்டு மாதிரி உருண்டையாக பாட்டில் செய்து விற்றார்கள். "இது வெடிகுண்டு போல இருக்கிறது, விமானத்தில் கொண்டுபோகக்கூடாது" என்று 2019 ஆகஸ்டில் அமெரிக்க விமான பாதுகாப்பு இலாகா தடை சொன்னது. ரசிகர்கள் கூச்சல் போட்டதும் தடையை தளர்த்தியது.

பில் எவ்வளவு?

இனி காசு கணக்கு.

1955-ல் டிஸ்னிலேண்டு நுழைவுக்கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர். சவாரிகளுக்கு தனி டிக்கெட். 2019-ல் ஒரு நாள் டிக்கெட், கூட்டம் குறைந்த நாளில் 104 டாலர், சாதாரண நாளில் 129 டாலர், கூட்டமான நாளில் 149 டாலர். புது ஊர் திறப்பதற்கு 5 மாதம் முன்புதான் அந்த விலை ஏற்றப்பட்டது.

பத்து வயதுக்கு மேற்பட்ட 4 பேர் உள்ள குடும்பம் சாதாரண நாளில் போனால் டிக்கெட் 516 டாலர். கார் நிறுத்த 25 டாலர். ஆளுக்கு ஒரு நீலப்பால் 32 டாலர். பையன் அடம்பிடித்து, படத்தில் வரும் ஒளிவாள் ஒன்று கேட்டால் 200 டாலர். மொத்தம் 773 டாலர். அன்றைய ரூபாய் கணக்கில் சுமார் 54 ஆயிரம்! இதில் சாப்பாடு, ஓட்டல், பெட்ரோல் எதுவும் இல்லை.

ஈயாடியது

ஜூன் 24-ந் தேதி ரிசர்வேஷன் முறை முடிந்தது. "இனி யார் வேண்டுமானாலும் வரலாம்" என்றார்கள். அன்றுதான் கூட்டம் முட்டி மோதும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த கோடை முழுவதும், எதிர்பார்த்த நெரிசல் இல்லை.

ஆகஸ்டு மாதம் கம்பெனி கணக்கு வெளிவந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களுக்கு வந்தவர்கள் தொகை முந்தைய ஆண்டைவிட 3 சதவீதம் குறைவு! டிஸ்னி தலைவர் பாப் ஐகர் காரணம் சொன்னார். கூட்டத்துக்கு பயந்து பலர் வரவில்லை. அக்கம்பக்கத்து ஓட்டல்கள் வாடகையை ஏற்றிவிட்டன என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. திறக்கும்போது தயாராக இருந்தது ஒரே ஒரு சவாரி. பெரிதாக பேசப்பட்ட இரண்டாவது சவாரி 2020 ஜனவரி 17-ந் தேதிதான் திறந்தது. அப்போது அதற்கு இடம் பிடிக்க காலையில் பூங்கா திறந்த சில நிமிடங்களில் போட்டி முடிந்துவிட்டது. ஆனால் இரண்டே மாதத்தில் கொரோனா வந்து பூங்காவையே மூட வைத்தது. மறுபடி திறந்தது 2021 ஏப்ரல் 30-ந் தேதி.

ஆள் குறைந்தார்களே, கம்பெனிக்கு நஷ்டமா என்றால், அதுதான் இல்லை. அதே கணக்கில், வந்த ஒவ்வொருவரும் செலவழித்த பணம் 10 சதவீதம் கூடியிருந்தது. வந்தவர்கள் குறைவு, கறந்தது அதிகம்!

1 டாலர் வாடகை

நகரசபை விவகாரமும் இதில் உண்டு.

சினிமா டிக்கெட்டுக்கு கேளிக்கை வரி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அனஹைம் நகரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. "எதிர்காலத்திலும் எங்கள் மீது போடக்கூடாது, போட்டால் திருப்பித்தர வேண்டும். 100 கோடி டாலர் முதலீடு செய்கிறோம்" என்றது டிஸ்னி. 2015 ஜூலையில் நகரசபை சம்மதித்தது. அடுத்த மாதமே "ஸ்டார் வார்ஸ் ஊர்" அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு வலுத்ததால், 2018-ல் டிஸ்னியே கேட்டு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

அதற்கு முன்பு 1996-ல் இன்னொரு ஏற்பாடு. நகரசபை கடன் பத்திரம் வெளியிட்டு, பிரமாண்டமான கார் நிறுத்தும் கட்டிடத்துக்கு பணம் திரட்டியது. கடனை அடைக்க அந்த வட்டாரத்து வரிப்பணம். டிஸ்னிக்கு நிர்ணயித்த வாடகை, ஆண்டுக்கு 1 டாலர். 2019-ல் ஒரு காருக்கு ஒரு நாளைக்கு வசூலித்த 25 டாலர் கட்டணம், டிஸ்னிக்கு!

தொழிலாளர் வழக்கு

கதவு திறப்பவர், பால் ஊற்றுபவர், குப்பை பொறுக்குபவர் நிலைமை என்ன? 2018 பிப்ரவரியில், தொழிற்சங்கங்கள் கேட்டு நடந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. பூங்கா தொழிலாளர்களில் 73 சதவீதம் பேர், "சம்பளம் அடிப்படை செலவுக்கே போதவில்லை" என்று சொன்னார்கள். பத்தில் ஒருவர், கடந்த 2 ஆண்டில் எப்போதாவது வீடு இல்லாமல் இருந்ததாக சொன்னார்.

அந்த ஆண்டு நவம்பரில் அனஹைம் மக்கள் ஓட்டுப்போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நகரசபையிடம் வரிச்சலுகை பெறும் பெரிய ஓட்டல், பூங்கா முதலாளிகள் 2019-ல் மணிக்கு 15 டாலர் சம்பளம் தரவேண்டும். ஆண்டுக்கு 1 டாலர் ஏற்றி 2022-ல் 18 டாலர் ஆக்கவேண்டும் என்பது சட்டம்.

"நாங்கள் சலுகை எதுவும் வாங்கவில்லை, சட்டம் எங்களுக்கு பொருந்தாது" என்றது டிஸ்னி. புது ஊர் திறந்த அதே 2019-ம் ஆண்டு டிசம்பரில் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கு போனார்கள். கீழ்க்கோர்ட்டு டிஸ்னி பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனால் 2023 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு அதை புரட்டிப்போட்டது. 1996-ம் ஆண்டு கடன் பத்திர ஏற்பாடே ஒரு வரிச்சலுகைதான் என்று தீர்ப்பளித்தது.

அதற்கு பிறகு சமரசப்பேச்சு. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு 23 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க டிஸ்னி ஒப்புக்கொண்ட விவரம் 2024 டிசம்பரில் வெளியாயிற்று.

கூட்டத்தை எண்ணி எண்ணி உள்ளே விட்டவர்கள், கூலியை சரியாக எண்ணிக்கொடுக்க 5 ஆண்டு ஆயிற்று. வெயிலில் நின்று நீலப்பால் ஊற்றிக்கொடுத்தவர்கள் வயிற்றில் கடைசியில் பால் வார்த்தது கோர்ட்டுதான்!