செதுக்கலாம்... வளைக்கலாம்!

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு காலேஜ் டூர் போய், கல் சிற்பங்களோட போட்டோ எடுத்துக்கிட்டவரா நீங்க? அடுத்த ட்ரிப்பை அப்படியே மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்துப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போடுங்க. அங்கே அரும்பாவூர், தழுதாழை கிராமங்கள்ல மரத்திலேயே சாமி சிலை, தேர்ச் சிற்பம், வாகனம்னு அசத்துறாங்க. 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. வேற ஊர்ல செஞ்சதை இந்தப் பேர்ல விற்க முடியாது!

மரத்துக்கு உருவம் கொடுக்க ரெண்டு ரூட் இருக்கு.

ரூட் 1: செதுக்குறது

இதுதான் அரும்பாவூர் ஸ்டைல். பேப்பர்ல வரைஞ்ச உருவத்தை பூவாகை, மா, வேம்பு மாதிரியான மரத்துல பதிச்சு, வேண்டாததை உளியால எடுத்துக்கிட்டே போவாங்க. ஒட்டு வேலை கிடையாது; ஒரே கட்டையில முழுச் சிலை. ஈர மரம்னா பின்னாடி வெடிச்சிடும். உளி கொஞ்சம் சறுக்கினாலும் சாமியோட விரல் போயிடும். இதுல 'அன்டூ' பட்டனே இல்லை பாஸ்!

ரூட் 2: வளைக்கிறது

வீட்டுல இருக்கிற பிரம்பு நாற்காலியோட கைப்பிடியைப் பாருங்க. சூடு காட்டி வளைச்சதுதான் அது. மர நார்களைப் பிணைச்சு வைக்கிற லிக்னின், நீராவி பட்டா இளகும். சூடு ஆறுறதுக்குள்ள வளைச்சு, அச்சுல கட்டிக் காயவிட்டா அப்படியே நின்னுடும்.

இதை வெச்சு வியன்னாவுல கலக்கினவர் மைக்கேல் தோனெட். 1859-ல் வந்த அவரோட '14-ம் நம்பர்' நாற்காலிக்குத் தேவை 6 மரத் துண்டு, 10 திருகாணி, 2 நட்டு. அவ்வளவுதான்! கழட்டி அடுக்கினா, ஒரு கன மீட்டர் பெட்டியில 36 நாற்காலி. உலகம் பூரா கப்பல் ஏறிடுச்சு.

உங்களுக்கு என்ன வேலை?

சாமி சிலையைத் தினமும் யாரும் வாங்க மாட்டாங்க. விளக்கு, நாற்காலி, புத்தக ஸ்டாண்டுன்னா தினமும் கைபடும். சட்டத்தை வளைச்சு, முகப்பைச் செதுக்கினா... யோசிச்சுப் பாருங்க! டிசைன், இன்ஜினீயரிங் படிக்கிறவங்க அடுத்த ப்ராஜெக்ட்டை நெட்ல தேடாம, சிற்பிகளோட பட்டறையில உட்கார்ந்து தேடுங்க. எந்த மரம் வளையும், எது முறியும்னு அவங்க கைக்குத் தெரியும். வேலைக்கு உரிய கூலியையும் பேரையும் அவங்களுக்கே கொடுங்க.

குறியீடு பேரைத்தான் காப்பாத்தும். தொழிலைக் காப்பாத்த ஆர்டர் வேணும் ஃப்ரெண்ட்ஸ்!