சிறு விரியலாக்கியும் தக்க ஒலிபெருக்கியும்

அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கிகளுள் வால்வு கொண்டு இயங்குவன சில, மிகச் சிறிய வலுவே உடையன. 300பி என்னும் வால்வு ஒன்றினைத் தனித்து அமைத்தால் ஏறத்தாழ 8 உவாற்றும், 2ஏ3 என்பதனை அமைத்தால் ஏறத்தாழ மூன்றரை உவாற்றும் கிடைக்கும். இத்துணைச் சிறு வலுவினால் ஓர் அறையை இசையால் நிரப்புதல் இயலுமோ என்று ஐயுறுவோர் பலர். ஐயம் தீரும் இடம் விரியலாக்கியன்று. அதனோடு இணைக்கப்படும் ஒலிபெருக்கியே.

ஒலிபெருக்கிக்கு ஓர் உவாற்று வலுவை ஊட்டி, ஒரு மீற்றர் தொலைவில் எழும் ஒலியை டெசிபெல் கணக்கில் அளப்பர். அதுவே அதன் உணர்திறன். இக்கணக்கில் 3 டெசிபெல் கூடுதற்கு வலு இருமடங்காதல் வேண்டும். 10 டெசிபெல் கூடுதற்குப் பத்து மடங்காதல் வேண்டும். ஆகவே, 86 டெசிபெல் உணர்திறனுடைய பெட்டி 95 டெசிபெல் ஒலியை எழுப்ப 8 உவாற்றையும் விழுங்கிவிடும். 104 டெசிபெல் உடைய புனல் ஒலிபெருக்கிக்கோ அதே ஒலிக்கு உவாற்றில் எட்டிலொரு பங்கே போதும். முன்னதில் தவிலின் அடி ஒன்று திடீரென ஓங்குமாயின் கையிருப்பில் வலு இராது. ஒலி சிதைந்து கரகரக்கும். பழி மட்டும் வால்வின் மேல் விழும்.

புனலின் ஆற்றல் புதிதன்று. பழைய கிராமபோன் ஒலியெழுப்ப மின்சாரத்தை வேண்டாது, ஊசியின் அசைவை மட்டும் கொண்டு கூடம் முழுதும் கேட்கப் பாடிற்று. சிறு தகட்டின் அசைவைப் புனல் காற்றோடு நன்கு பொருத்தி வைப்பதே காரணம். அமெரிக்காவில் 1946இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய போல் கிளிப்ச், அறை மூலையின் சுவர்களையே புனலின் தொடர்ச்சியாகக் கொள்ளும் ஒலிபெருக்கியை விற்கலானார். 1954இல் எட்கார் வில்சூர் வெளியிட்டது இதற்கு மறுதலையானது: காற்றுப்புகாச் சிறு பெட்டி, ஆழ்ந்த ஒலி, ஆனால் பெருவலுவை வேண்டுவது. சிறு உருவம், ஆழ்ந்த ஒலி, உயர்ந்த உணர்திறன் என்னும் மூன்றும் ஒருங்கே வாய்ப்பதில்லை. சிறு விரியலாக்கியை விரும்புவோர் பெரிய பெட்டிக்கு இடம் ஒதுக்கியே ஆதல் வேண்டும்.

விற்பனைத் தாளில் காணும் எண்ணையும் அப்படியே நம்பலாகாது. சிலர் ஓர் உவாற்றுக்குப் பதிலாக 2.83 உவோற்று அழுத்தத்தில் அளந்து எழுதுவர். 8 ஓம் ஒலிபெருக்கியில் இரண்டும் ஒன்றே; 4 ஓமாயின் அது 2 உவாற்றாகிவிடும். எண்ணில் 3 டெசிபெல் வீணே ஏறிநிற்கும்.

வால்வு விரியலாக்கியின் வெளியீட்டு நிலைமாற்றியில் 4, 8, 16 ஓம் முனைகள் இருக்குமாயின், ஒலிபெருக்கிக்கு உரியதில் இணைத்தல் வேண்டும். பெயரளவில் 8 ஓம் எனப்படினும், சில சுரங்களில் 3 ஓம் வரை தாழ்வனவும் உள. உணர்திறன் எத்துணை உயர்ந்ததாயினும் அவை இச்சிறு விரியலாக்கிகளுக்கு ஒவ்வா.