தட்டச்சின் இரண்டாம் தாள்

விக்கிரமங்கலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி புரிந்தவன் நான். பள்ளியிறுதித் தேர்வு எழுதிய மாணவர்களுக்கு 1980-களில் தவறாது ஓர் அறிவுரை கூறுவேன்: "விடுமுறையை வீணாக்காதே, அரியலூர் சென்று தட்டச்சுப் பழகு." அரசுத் தேர்வுச் சான்றிதழ் இருந்தால் பிழைப்புக்கு வழி பிறக்கும் என்பது பெற்றோரின் நம்பிக்கை, என் நம்பிக்கையும் அதுவே.

அத்தேர்வில் இரண்டு தாள்கள். முதல் தாள் வேகத்தை அளப்பது: இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. இரண்டாம் தாள், கடிதம் அமைப்பதும் அட்டவணை வகுப்பதும் போன்றவற்றை அளப்பது. எல்லாரும் வேகத்தின் பின்னே ஓடினர். நானும், "எத்தனை சொல் அடிக்கிறாய்?" என்றே வினவினேன், கடிதத்தை எவ்வாறு அமைத்தாய் என்று ஒருநாளும் வினவியதில்லை.

1955-இல் நம் நாட்டிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம், 2009-ஆம் ஆண்டளவில் அவ்வுற்பத்தியை நிறுத்திற்று. கணினியிலும் ஆங்கில விசைகள் இடம் மாறாமையால் ஆங்கிலம் பயின்றோர்க்குத் தொல்லையில்லை. தமிழ் பயின்றோர் பாடு வேறு. பழைய பொறியில் புள்ளியை முதலில் தட்ட வேண்டும், தாள் நகராது, பின்னர் எழுத்தைத் தட்டினால் புள்ளி அதன் தலைமேல் அமரும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' முறையிலோ உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' தோன்றும். பல்லாண்டுப் பழக்கத்தை விரல்கள் மறக்க வேண்டியதாயிற்று. பழைய விசை வரிசையையே கணினியிலும் வைத்துக்கொண்டோர் உளர். அது வேறு கதை.

என் மாணவர் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் வேகத்தில் நிகரற்றவர். நீதிமன்ற வாயிலில் மனுக்கள் அடித்துக் கொடுத்தார். பிறர் எழுதித் தந்ததை அப்படியே அடிப்பார், பொருளை நோக்கார். பிழையைத் திருத்தி மீண்டும் அச்சிடுதல் கணினியில் எவர்க்கும் எளிதாகவே, அவருடைய வேகத்திற்கு விலையில்லாது போயிற்று. மற்றவர் வேகத்தில் நடுத்தரம். ஆயினும், பட்டா மாற்றத்திற்கு எவ்விவரம் முன்னே வரவேண்டும், எந்த ஆவணத்தை இணைக்கவேண்டும் எனக் கேட்டுக் கேட்டுத் தாமே மனு எழுதப் பழகியவர். விண்ணப்பங்கள் இணையவழி ஆன பின்பும் அவரை நாடி வருவோர் குறையவில்லை. புதிய விசைகளைப் பயிலச் சில திங்கள் பிடித்தன என்பார், அவ்வளவே.

முன்னவர் சென்ற ஆண்டு என்னைக் கண்டபோது, "ஐயா, வேகம் பழகச் சொன்னீர்கள், பழகினேன்" என்றார். குறைகூறும் குரல் அன்று அது. எனக்கோ அன்றிரவு உறக்கமில்லை.

அவர் மகள் இப்போது கணக்கு எழுதும் மென்பொருள் பயில்கிறாள். எந்த விசையை அழுத்தினால் எது வரும் என்று மளமளவெனச் சொன்னாள். "பற்று எது, வரவு எது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டம்மா" என்றேன், தயங்கினாள். வாரத்தில் இருநாள் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.